இட்லித் தட்டில் ஏரி மீன்

கே: பாரிவாக்கம் ஏரிப் பக்கம் ஜிலேபி மீன் வாங்கினேன். புகை போட்டுப் பார்க்க ஆசை. கருவாடு தெரியும்; இது நமக்குப் புதிதாயிற்றே? (ஆவடி வாசகி)

புதிதே இல்லை. மளிகைக் கடையில் விறகுத்துண்டு போலக் கிடக்கும் மாசி என்ன? சூரையை வேகவைத்து, புகையில் வாட்டி, வெயிலில் காயவைத்தது. மினிக்காயிலும் மாலத்தீவிலும் செய்கிறார்கள். இலங்கையில் சம்பலுக்கு உயிரே அதுதான். ஏரி மீனை நாம் புகையில் ஏற்றாததற்குக் காரணம், சித்திரை வெயில் இலவசமாகக் கிடைப்பது. மழை விடாத மணிப்பூர், நாகாலாந்துப் பக்கம் மீன் அடுப்புக்கு மேலே ஏறிக்கொண்டது.

கே: சேற்று வாடையைப் புகை விரட்டுமா?

மறைக்கும், விரட்டாது. அந்த வாடையின் பெயர் ஜியோஸ்மின். நீலப்பச்சைப் பாசியும் சில நுண்ணுயிர்களும் உண்டாக்க, மீனின் கொழுப்பில் போய்த் தங்குகிறது. முதல் மழைக்கு எழும் மண்வாசனையிலும் இருப்பது இதே பொருள்தான். மழையோடு வந்தால் கவிதை எழுதுகிறோம், மீனோடு வந்தால் மூக்கைப் பொத்துகிறோம்!

ஜியோஸ்மின் புளிப்பில் சிதையும். ஏரி மீனுக்கு நம் பாட்டிமார் புளியைத் தாராளமாகக் கரைத்தார்களே, வேதியியல் அவர்கள் பக்கம்தான் நிற்கிறது. நீங்களும் வயிற்றுக்குள் ஒட்டியிருக்கும் கருப்புத் தோலைச் சுரண்டிவிட்டு, மீனை அரை மணி நேரம் புளித்தண்ணீரில் போடுங்கள். வாடை முழுக்கப் போகாவிட்டாலும் நன்றாகக் குறையும்.

கே: என்னென்ன சாமான் வேண்டும்?

கனத்த பழைய இரும்புச் சட்டி, இறுக்கமான மூடி, ஓர் இட்லித் தட்டு. கால் கிலோ மீனை முதுகோடு பிளந்து, லிட்டருக்கு 100 கிராம் உப்புக் கரைத்த நீரில் ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு மின்விசிறிக்கு அடியில் இன்னொரு மணி நேரம். அவசரக்காரர்கள் தாண்டிக் குதிக்கும் படி இதுதான். மேல்தோல் பளபளத்து விரலில் லேசாக ஒட்ட வேண்டும். ஈர மீனில் புகை பிடிக்காது, கரிதான் பிடிக்கும். சட்டியின் அடியில் ஒரு கைப்பிடி மாமரச் சீவலோ கொட்டாங்குச்சித் துண்டோ போட்டு, மேலே தட்டைக் கவிழ்த்து மீனை வைத்து, மூடி போட்டு அடுப்பில் ஏற்றுங்கள். முள்ளருகே 63 டிகிரியைத் தாண்டி, அந்தச் சூடு அரை மணி நேரம் நிற்க வேண்டும். சதை முள்ளைவிட்டுத் தானே கழன்றால் வெந்துவிட்டது.

கே: தொழிற்பேட்டையில் உடைத்த பெட்டிக் கட்டை சும்மா கிடைக்கிறதே? (அம்பத்தூர்)

சும்மா கிடைத்தாலும் வேண்டாம். பெரும்பாலும் பைன், அதன் பிசின் கசப்பான கரியாக மீனில் படியும். பிளைவுட் என்றால் பசையும் சேர்ந்து எரியும்.

கே: எத்தனை நாள் வைத்துச் சாப்பிடலாம்?

இரண்டு நாள், அதுவும் ஃபிரிட்ஜில். கருவாட்டைக் காப்பது உப்பும் வறட்சியும். நீங்கள் போட்ட புகை மணம் தரும், காவல் நிற்காது. காற்றை உறிஞ்சி பாக்கெட் போடும் இயந்திரம் வைத்திருப்பவர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், இந்த மீனை அதில் போடாதீர்கள். பாட்டுலிசம் என்ற நோயைத் தரும் கொடிய நஞ்சைச் சுரக்கும் கிருமிக்குக் காற்றில்லாத இடம்தான் சொர்க்கம். அதன் வித்துகள் 63 டிகிரியில் சாகாது. ஒரு வகை ஃபிரிட்ஜ் குளிரிலும் வளரும். நஞ்சு இருப்பதை மூக்கால் கண்டுபிடிக்கவும் முடியாது.

கே: சால்மன் மாதிரி, வேகாமல் புகை மட்டும் காட்டினால்?

ஏரி மீனுக்குக் கூடவே கூடாது. நன்னீர் மீனில் ஒட்டுண்ணிப் புழுக்கள் இருக்கலாம்; இளஞ்சூட்டுப் புகை அவற்றைக் கொல்லாது. சாக்கடை கலக்கும் நீரில் பிடித்த மீனையும் எந்தப் புகையும் சுத்தமாக்காது.

கே: அடுக்குமாடியில் இருக்கிறோம். பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருவார்களே? (பூந்தமல்லி)

மொட்டைமாடிக்குப் போங்கள். கொடியில் துணி காயாத நேரமாகப் பாருங்கள். முதல் துண்டை எலுமிச்சை பிழிந்து அவர்கள் வீட்டுக்கே கொடுத்தனுப்புங்கள். அடுத்த ஞாயிறு மீன் அவர்கள் செலவு.