காரணமின்றி உட்கார அனுமதி கோரி

அனுப்புநர்: ஞாயிறு காலை, வேப்பமரத்தடி பெஞ்சில் பிடிபட்ட இருவரில் பெண்.

பெறுநர்: பூங்கா நிர்வாகக் குழுவினர், சென்னை. (பேட்டையின் பெயரைத் தங்கள் மானம் கருதித் தவிர்த்திருக்கிறேன்.)

பொருள்: ஜோடியாக, நிழலில், சும்மா உட்கார அனுமதி வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: வாயிலின் இடப்புறம் உள்ள தங்கள் அறிவிப்புப் பலகை, விதி 9.

மதிப்பிற்குரிய ஐயாமாரே (குழுவில் அம்மாமார் எவரும் இருப்பதாகப் பலகையில் காணோம்),

முதலில் பாராட்டு. எட்டு வடிவப் பாதையில் எட்டுப் போடுகிறவர்களும், கூழாங்கல் பாதையில் வெறுங்காலோடு முகத்தைச் சுளித்துக்கொண்டு புண்ணியம் தேடுகிறவர்களும், இரும்புக் கருவிகளில் தொங்குகிறவர்களும் ஒருவரோடொருவர் மோதிக்கொள்ளாத அளவுக்குப் பூங்காவை ஒழுங்காக வைத்திருக்கிறீர்கள். கைபேசியை ஸ்பீக்கரில் போட்டு, சம்பந்தி வீட்டாரை ஊரறியத் திட்டிக்கொண்டே நடக்கும் பெரியவருக்கும் தடையில்லை. நடக்கிறாரே, அது போதும். இத்தனை வியர்வைக்கு நடுவில் இரண்டு பேர் வியர்க்காமல் உட்கார்ந்திருந்தது தங்கள் காவலாளியின் கண்ணை உறுத்தியதில் வியப்பில்லை.

நடந்ததைத் தங்கள் பதிவேட்டுக்காக எழுதுகிறேன்.

"சார், இங்க ஜோடியா உக்காரக் கூடாது சார்."

"நாங்க புருஷன் பொண்டாட்டிப்பா," என்றார் என் வீட்டுக்காரர்.

காவலாளி எங்கள் இருவரின் நரைமுடியையும் பார்த்தார். யோசித்தார். "புருஷன் பொண்டாட்டின்னா பார்க்குக்கு வந்து எதுக்கு சார் பேசிக்கினு இருக்கீங்க? வீட்ல பேச மாட்டீங்களா?"

ஐயாமாரே, அவருக்குச் சம்பள உயர்வு கொடுங்கள். தமிழ்க் குடும்பத்தைப் பற்றி இவ்வளவு சுருக்கமான ஆய்வை நான் எங்கும் படித்ததில்லை. நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம், போதாக்குறைக்குச் சிரித்துக்கொண்டும் இருந்தோம். இரண்டையும் பார்த்த பிறகு எங்களைத் தம்பதி என்று எந்த நியாயவான்தான் நம்புவார்?

அவர் பார்வை அடுத்து என் கழுத்துக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. எங்களுடையது சுயமரியாதைத் திருமணம். அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, 1967இல், இந்து திருமணச் சட்டத்தில் 7அ என்றொரு பிரிவைத் தமிழ்நாடு சேர்த்தது. உற்றார் அல்லது நண்பர் முன்னிலையில் மாலை மாற்றினாலும், மோதிரம் போட்டாலும், தாலி கட்டினாலும் கல்யாணம் செல்லும். மூன்றில் ஒன்று போதும். நாங்கள் மாலை மாற்றினோம். மாலை அன்றிரவே வாடிவிட்டது. இத்தனை வருஷம் கழித்துப் பூங்கா வாசலில் காட்ட வேண்டியிருக்கும் என்று தெரிந்திருந்தால் நாராவது பத்திரப்படுத்தி வைத்திருப்போம்.

"சர்டிபிகேட் இருந்தா எடுத்தாந்து காட்டிட்டு உக்காருங்க சார்" என்ற சலுகையும் கிடைத்தது. திருமணங்களைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டம் தமிழ்நாட்டுக்கு வந்தது 2009இல்தான். எங்கள் மகளே அதற்கு மூத்தவள். தங்கள் விதிப்படி அவள் எங்கள் அருகில் வந்து உட்கார்ந்தால் பெஞ்சில் எத்தனை ஜோடி என்று கணக்கிட வேண்டும் என்பதையும் தெளிவுபடுத்தினால் உதவியாக இருக்கும்.

சட்டம் பேசுகிறாளே என்று முகம் சுளிக்க வேண்டாம். பலகையில் முதலில் சட்டம் பேசியது தாங்கள்தான். திருமணமான ஓர் இளம் தம்பதி பொது இடத்தில் முத்தமிட்டதாகப் போட்ட வழக்கை 2009இல் தில்லி உயர் நீதிமன்றம் தள்ளிவிட்டது. எங்கள் வயதுக்கு அது மிகையான முன்னுதாரணம், ஒப்புக்கொள்கிறேன். 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நிஜப் போலீஸ்காரர்களே ஒழுக்கப் போலீஸ் வேலை பார்க்கத் தேவையில்லை என்றது. மணமாகப் போகும் ஓர் ஆணையும் பெண்ணையும் வடோதராவில் இரவில் மறித்து, ஆணின் கைக்கடிகாரத்தை வாங்கிக்கொண்ட பாதுகாப்புப் படைக் காவலர் பற்றிய வழக்கு அது. தங்கள் ஆள் அப்படியெல்லாம் இல்லை. கடிகாரத்தை வாங்கவில்லை, மணி பத்தாகிவிட்டது, கிளம்புங்கள் என்று மட்டும் சொன்னார்.

இந்தப் பத்து மணிதான் எனக்குப் புரியாத விஷயம். காலை 5 முதல் 10, மாலை 4 முதல் 8. இடையில் பூட்டு. காலை ஐந்து மணிக்கு நிழலை யார் கேட்டார்கள்? ஏப்ரல் பிற்பகுதியில் சென்னையின் உச்சிவெயில் நேர் தலைக்கு மேல் வந்து நிற்கிறது. நம் நிழலே காலடிக்குள் புகுந்துகொள்ளும் காலம். அடுத்து மே 4 வாக்கில் அக்கினி நட்சத்திரம். 2003 மே மாதக் கடைசி நாளில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவான ஊர் இது. வேம்பும் புங்கையும் வருஷம் முழுக்க வளர்ந்து, இலை விட்டு, நிழல் விரிக்கத் தயாராகும் அந்த நேரம் பார்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டிவிடுகிறீர்கள். பிற்பகலில் கடற்காற்று ஊருக்குள் வரும். கேட்டைத் திறக்கச் சொல்லி அது மனு கொடுப்பதில்லை. உள்ளே போய் யாருமில்லாத பெஞ்சுகளில் வீசிவிட்டுப் போகிறது.

யாருமில்லாத என்று சொன்னது தவறு. கம்பி வழியே பார்த்தேன். புங்கை மரத்தடியில் துண்டு விரித்துத் தங்கள் காவலாளி தூங்கிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறாமை இல்லை. அவர் வாங்கும் சம்பளத்துக்கு அந்த நிழலாவது கிடைக்கட்டும். தவிர, தனியாகத்தான் படுத்திருந்தார். விதி 9 மீறப்படவில்லை.

இனி, வீட்டில் பேசக் கூடாதா என்ற கேள்விக்கு வருகிறேன். பேசுகிறோம். சிலிண்டருக்குச் சொல்லியாயிற்றா, தண்ணி லாரி வந்ததா, கரண்டு பில் கட்ட என்றைக்குக் கடைசி. வீட்டில் எங்கே உட்கார்ந்தாலும் என் கண்ணில் அடுப்பு படுகிறது, அவர் கண்ணில் டிவி படுகிறது. பம்பாய் ஆலைத் தொழிலாளருக்கு நாராயண் மேகாஜி லோக்கண்டே என்பவர் பல வருஷம் போராடி, 1890இல் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை வாங்கிக் கொடுத்தார். அந்த உத்தரவின் நகல் அடுக்களைக்கு வந்து சேரவில்லை. வேப்பமரத்தடியில் உட்கார்ந்தால் நானும் ஆலைத் தொழிலாளி.

ஆனாலும் தாங்கள் வெளியேற்றியதால் அந்த ஞாயிறு பாழாகிவிடவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தெரு முனையில் நுங்கு வாங்கினோம். தோலை உரிப்பது அவர் பொறுப்பு. நகத்தால் கிள்ளி, துவர்ப்பில்லாமல், நீர் சிந்தாமல் முழுசாக எடுப்பதில் அவருக்கு ஈடு கிடையாது. மத்தியானத்துக்குச் சனி இரவே தண்ணீர் ஊற்றி வைத்த பழைய சோறு, கெட்டி மோர், சின்ன வெங்காயம், மாவடு. அடுப்பைப் பற்ற வைக்கவில்லை. பாத்திரம் இரண்டே இரண்டு, அதையும் அவரே கழுவினார். பிறகு கூடத்துச் சன்னல்களை அடைத்து, தரையை ஈரத் துணியால் துடைத்து, பாய்கூடப் போடாமல் வெறுந்தரையில் படுத்தோம்.

எங்களுடையது கடைசி மாடி. பகலெல்லாம் வாங்கிய வெயிலைக் கான்கிரீட் கூரை ராத்திரி வரை தவணை முறையில் எங்களுக்குத் திருப்பித் தரும். அந்த வெக்கையில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு முழத்துக்குள் நெருங்கிப் படுத்தால் இரண்டு பேருக்கும் வேர்க்குருதான் மிச்சம். ஆகவே தங்கள் விதி 9 எங்கள் வீட்டில், தங்கள் தலையீடு இல்லாமலேயே, மே மாதம் முழுக்க அமலில் இருக்கிறது. கலாச்சாரத்தைக் காப்பாற்றக் கத்திரி வெயில் இருக்கும்போது காவலாளிக்கு வேறு எதற்குச் செலவு?

பூங்காவில் உட்கார்வது பற்றிச் சின்ன வரலாறு. 1860 வாக்கில், டிரெவெலியன் ஆளுநராக இருந்த காலத்தில், இந்த ஊரில் மக்கள் பூங்கா என்று ஒன்று உருவானது. நூறு ஏக்கருக்கு மேல். குளங்கள், மிருகக்காட்சிசாலை எல்லாம் இருந்தன. அந்தப் பூங்காவில் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். விக்டோரியா ஹால் உட்கார்ந்தது. மூர் மார்க்கெட் உட்கார்ந்தது. 1913இல் ரிப்பன் மாளிகை வெள்ளை வெளேரென்று வந்து உட்கார்ந்தது. பின்னால் விளையாட்டரங்கமும் சேர்ந்துகொண்டது. எல்லோருக்கும் தக்க காரணம் இருந்ததால் யாரையும் யாரும் எழுப்பவில்லை. பூங்காதான் எழுந்து போய்விட்டது. காரணமின்றி உட்கார வந்தவர்களால் இந்த ஊரில் ஒரு சதுர அடிப் பூங்காகூடக் குறைந்ததாகத் தகவல் இல்லை. அவர்கள் ஒன்றரை மணி நேரத்தில் பசித்தால் எழுந்து போய்விடுவார்கள்.

எனவே தாழ்மையுடன் வேண்டுவது: கோடை முடியும்வரையாவது ஞாயிறுகளில் பத்திலிருந்து நான்கு மணி வரை கேட்டைத் திறந்து வைக்க வேண்டும். திறந்தால் இளவட்டங்கள் வந்துவிடுவார்கள் என்று தாங்கள் அஞ்சுவது தெரியும். வரட்டும். கல்யாணத்துக்கு முன்பே உட்கார்ந்து பேசிப் பழகினால்தானே பின்னால் எங்களைப் போலப் பிடிபடுகிற அளவுக்குப் பேச்சு மிஞ்சும்? அது முடியாதென்றால் ஓர் உட்காரும் உரிமத்தையாவது வழங்கலாம். படிவத்தில் 'காரணம்' என்ற கட்டத்துக்கு நேரே 'ஞாயிறு' என்று எழுதினால் ஏற்றுக்கொள்ள வேண்டும். அதுவும் விதிக்கு ஒத்துவராது என்றால், நாங்கள் எழுந்து எட்டுப் போடத் தயார். ஆளுக்கொரு சுழியில் நடப்போம், எட்டின் இடுப்பில் சந்திக்கும்போது ஆளுக்கொரு வாக்கியம் பேசிக்கொள்வோம். அதற்கு எந்த விதியில் தடை என்று தாங்கள் அடுத்த கூட்டத்தில் தேடிப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
விதி 9ஐ மீறிய பெண்மணி

இணைப்பு:
திருமண அழைப்பிதழ், பழுப்பேறியது, ஒன்று.
திருமணப் புகைப்படம், ஒன்று. (மணமக்கள் இருவரும் உம்மென்று, ஒரு முழ இடைவெளி விட்டு நிற்கிறார்கள். சட்டப்படியான தம்பதி என்பதற்குத் தங்கள் காவலாளிக்கு இதுவே போதுமானதாக இருக்கும்.)