‘ஒய்’ தட்டும் காலம்

எங்கள் தலைமுறையில் பலருக்கு லினக்ஸ் அறிமுகமானதே கணினி இதழோடு இலவசமாக வந்த சிடியில்தான். ரெட் ஹாட் என்ற லினக்ஸ் வகையை நிறுவுவதில் ஒரு கஷ்டமும் இல்லை. நிறுவிய பிறகு ஒரு பாட்டுக் கேட்பதுதான் கஷ்டம். 2002-இல் வந்த ரெட் ஹாட் 8.0, காப்புரிமைச் சிக்கலுக்குப் பயந்து எம்பி3 வசதியையே தூக்கிவிட்டிருந்தது. இளையராஜாவைக் கேட்க ஆசையா? அதற்கான துண்டு மென்பொருளை நாமே தேடிப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து உட்கார்ந்து, மென்பொருளின் ஆர்பிஎம் கோப்பை 1.44 எம்பி பிளாப்பியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு ஓடி வருவோம். கட்டளையைத் தட்டினால், ஹேஷ் குறிகள் வரிசை கட்டி நகரவேண்டிய இடத்தில் ‘ஃபெயில்டு டிபென்டன்சீஸ்’ என்று வந்து நிற்கும். அடியில் இன்ன லைப்ரரி வேண்டும், இன்ன வெர்ஷன் வேண்டும் என்று பட்டியல். மறுநாள் அதைக் கொண்டுவந்தால், அதற்கு இன்னொன்று வேண்டும். வருமானச் சான்றிதழுக்குப் போனால் இருப்பிடச் சான்றிதழ் கேட்கும் தாலுகா ஆபீஸே இதனிடம் பிச்சை வாங்கவேண்டும். தேடித் தேடிப் போய் முட்டும் இடம் பெரும்பாலும் ஜிலிப்சி என்ற லைப்ரரி. மொத்த சிஸ்டமும் நிற்பதே அதன்மேல்தான். ‘நோடெப்ஸ்’, ‘ஃபோர்ஸ்’ என்று சேர்த்து மிரட்டிப் பார்த்த வீரர்கள், அன்று இரவே இதழின் சிடியைத் தேடி எடுத்து மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள்.

டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ் வகைக்காரர்களுக்கு எங்களைப் பார்த்தால் இளக்காரம். 1999-இல் வந்த 2.1 பதிப்பிலேயே அவர்களுக்கு ஆப்ட் என்ற நிறுவல் கருவி வாய்த்துவிட்டது. பெயரைச் சொன்னால் போதும். தேவையானதையெல்லாம் அதுவே கணக்குப் போட்டு இறக்கிக்கொள்ளும். ‘ஆப்ட்-கெட் மூ’ என்று தட்டினால் எழுத்துகளால் வரைந்த ஒரு மாடு வந்து, இன்று ‘ம்மா’ என்று கத்தினீர்களா என்று விசாரிக்கும். டயல்-அப்பில் ஒரு மென்பொருள் இறங்கி முடிவதற்குள் நாங்கள் எல்லோருமே கத்தியிருப்போம். ரெட் ஹாட் குடும்பத்துக்கும் பிறகு யம் என்ற அதேபோன்ற கருவி வந்தது. 2015-இல் ஃபெடோரா 22 அதையும் ஓரங்கட்டி டிஎன்எஃப்பை உட்காரவைத்தது. எங்கள் வீரத்துக்கு வேலை போயிற்று.

இன்று ஒரே வரி. தொடர்பான மென்பொருள் பொதிகளின் பெயர்கள் திரையை நிறைத்து ஓடும், படிப்பவர் யார்? சம்மதம் என்று ‘ஒய்’ தட்டினால் ஆயிற்று. லைப்ரரிச் சண்டையே வேண்டாம் என்று ஸ்னாப், ஃபிளாட்பேக் என்ற புதிய பொதி முறைகள் தேவையானதை மூட்டை கட்டியே கொண்டுவந்துவிடுகின்றன. உபுண்டு லினக்ஸ் 18.04-இல் கால்குலேட்டரே ஸ்னாப்பாக வந்தது. துணைக்கு வந்த மூட்டை 100 எம்பிக்கும் மேல். இரண்டும் இரண்டும் நாலு என்று சொல்ல இத்தனை சீர்வரிசை.

சொகுசுக்கு விலை இல்லாமலா? 2021-இல் லைனஸ் செபாஸ்டியன் என்ற பிரபல யூடியூபர், பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் விளையாட்டுக்காக ஸ்டீமை நிறுவப்போனார். பொதியில் ஒரு கோளாறு. டெஸ்க்டாப்பே போய்விடும் என்று ஆப்ட் எச்சரித்தது. சம்மதமென்றால் ‘யெஸ், டூ ஆஸ் ஐ சே!’ என்று முழு வாக்கியத்தையும் தட்டச் சொன்னது. சளைக்காமல் தட்டினார். சொன்ன சொல் தவறாமல் டெஸ்க்டாப்பும் போயிற்று.

2024-இல் நடந்ததில் சிரிக்க ஒன்றுமில்லை. எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திருட்டு வாசல் வைத்திருந்தார்கள். டெபியனின் சோதனைக் கிளைகள்வரை அது வந்துவிட்டது. எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு அரை நொடி தாமதிப்பதைக் கண்டு துருவிப் பார்த்த ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்டு என்ற பொறியாளரால் பிழைத்தோம். அன்று கெஞ்சிக் கூத்தாடித்தான் ஒவ்வொரு லைப்ரரியும் வீட்டுக்கு வந்தது. அதனால் வந்ததன் பெயராவது தெரிந்திருந்தது. இன்று கேட்காமலே வருகின்றன. யார் வந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது.

பழைய நரகத்துக்குத் திரும்பிப் போகச் சொல்லவில்லை. என்னால் முடியவும் முடியாது. ‘ஒய்’ தட்டுமுன், நீக்கப்படுபவை என்று ஒரு பட்டியல் சிலசமயம் வரும். அதையாவது ஒருமுறை படித்துவிட்டுத் தட்டுங்கள்.