அமுக்குவானுக்கு நாலு உருண்டை

உங்களையும் ஒருநாள் அமுக்கியிருக்கும். வெளியே சொல்லியிருக்க மாட்டீர்கள். நூறு பேரில் ஏழெட்டுப் பேருக்காவது வாழ்நாளில் ஒரு தடவை வருமாம். விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் விழிப்பு வரும். மின்விசிறி சுற்றுவது தெரியும், பால்காரர் சைக்கிள் மணி கேட்கும், ஆனால் கை காலை அசைக்க முடியாது. இந்த வீட்டில் யாரும் என் பேச்சைக் கேட்பதில்லை என்பது பழகிப்போன சங்கதி. என் சுண்டுவிரலும் அந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டதே என்றுதான் வருத்தம். நெஞ்சின் மேல் ஒருவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். மூலையில் இன்னொருவர் நின்று வேடிக்கை பார்ப்பார்.

மூலையில் நின்றவர் யார் என்பது உடம்பு விடுபட்ட பிறகு தெரிந்தது. கதவுக் கொக்கியில் நான் மாட்டியிருந்த சட்டை. மனைவியிடம் சொன்னேன். "அதைத்தான் மடிச்சு வைங்கன்னு இத்தனை வருஷமா சொல்றேன்" என்றாள். பேய் விஷயத்தில் அவள் சொன்ன கருத்து அவ்வளவுதான்.

அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. "அமுக்குவான் பேய்டா" என்று சொல்லி, கட்டிலுக்கு அடியில் ஒரு துடைப்பத்தையும் தலைமாட்டில் பாக்குவெட்டியையும் வைத்தாள். பேய் அஞ்சியதோ இல்லையோ, காலையில் வேலைக்கு வரும் அம்மாள் துடைப்பத்தைத் தேடி வீடு முழுக்கச் சுற்றிவிட்டு, கடைசியில் என் காலடியில் குனிந்து எடுக்கும்போது பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதற்கு அமுக்குவானே தேவலை.

பிறகு மச்சான் வந்தார். மனைவியின் அண்ணன். பள்ளியில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர்; வகுப்பு மட்டும் இன்னும் ஓயவில்லை. "மாப்ளே, கனவு காணும்போது மூளை தசையையெல்லாம் பூட்டி வச்சிரும். இல்லேன்னா கனவுல ஓடுறவன் நிஜமாவே எழுந்து ஓடி சுவத்துல முட்டிக்குவான். கண்ணும் மூச்சும் மட்டும் நடக்கும். சில சமயம் பூட்டு திறக்கிறதுக்கு முன்னாடி ஆள் முழிச்சிக்கிறான். கனவும் பாக்கி இருக்கும். அதுதான் உங்க பேய். சில வினாடி, மிஞ்சிப்போனா ரெண்டொரு நிமிஷம். ஆபத்தில்லை. மல்லாக்கப் படுக்காதீங்க, நேரத்துக்குத் தூங்குங்க."

"அவ்வளவுதானா?"

"பகல்ல திடீர் திடீர்னு தூங்கி விழுறீங்களா? அப்படின்னா நரம்பு டாக்டரைப் பார்க்கணும்."

ஆபீசில் தூங்குவது சேருமா என்று கேட்டேன். சேராது என்றார்.

காசில்லாமல் கிடைத்த வைத்தியத்தை எந்தக் குடும்பஸ்தன் மதித்திருக்கிறான்? பக்கவிளைவு கிடையாது என்று யாரோ சொன்னதை நம்பி, மனைவி என்னைப் பக்கத்துத் தெரு ஹோமியோபதி டாக்டரிடம் கூட்டிப் போனாள்.

அந்த டாக்டரைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். என் பிரச்சினையை ஒரு மணி நேரத்துக்கு மேல் கேட்ட ஒரே மனிதர் அவர். தலையணை மொத்தத்தில் கென்ட் என்பவர் தொகுத்த புத்தகம் ஒன்று மேஜையில் இருந்தது. பூனை கனவில் வந்தால் ஒரு மருந்துப் பட்டியல், திருடன் வந்தால் வேறொன்று. சட்டை வந்தால் என்ன என்று அதில் இல்லை போலிருக்கிறது. பக்கத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தார்.

"உப்பு பிடிக்குமா, இனிப்பு பிடிக்குமா?"

"ரெண்டும். டாக்டர் ரெண்டையும் நிறுத்தச் சொல்லியிருக்கார்." இது மனைவி.

"போர்வைக்கு வெளியே காலை நீட்டிக்குவீங்களா?"

"என் போர்வைக்குள்ள நீட்டுவார்." இதுவும் மனைவி.

"இடி இடிச்சா பயமா?"

நான் வாயைத் திறப்பதற்குள், "மோட்டார் போட மறந்துட்டா என்னைப் பார்த்துத்தான் பயம்" என்றாள். டாக்டர் அதையும் குறித்துக்கொண்டார்.

"மனசு கஷ்டப்படும்போது யாராவது ஆறுதல் சொன்னா நல்லா இருக்குமா, எரிச்சல் வருமா?"

இதற்கு மட்டும் அவள் பேசவில்லை. "இதுவரைக்கும் யாரும் சொன்னதில்லை டாக்டர். சொன்னா பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்றேன்.

சுவரில் ஹானிமன் படம். ஜெர்மன்காரர். 1790இல் நோய் நொடி இல்லாமல் இருக்கும்போதே சின்கோனாப் பட்டையைத் தின்று பார்த்து, மலேரியா மாதிரியே தனக்கு நடுக்கம் வந்ததாக எழுதி வைத்தாராம். முள்ளை முள்ளால் எடுக்கிற இந்த வைத்தியம் அங்கே தொடங்கியது. தூக்கத்தைக் கெடுப்பது காபி, ஆகவே தூக்கத்துக்கு மருந்தும் பச்சைக் காபிக்கொட்டையிலிருந்தே எடுக்கிறார்கள். எனக்கு நாக்கில் ஜலம் ஊறியது. ஆனால் மருந்து சாப்பிடும் காலத்தில் காபி கூடாது, முறித்துவிடும் என்றார். அதாவது, காபி புட்டியில் இருக்கலாம், டம்ளரில் இருக்கக் கூடாது.

கடைசியில் எனக்கு அதுவும் இல்லை. எட்டிக்கொட்டையிலிருந்து எடுத்த நக்ஸ் வாமிகா, முப்பது வீரியம். ராத்திரி ஒன்பதரைக்கு நாலு உருண்டை, கையால் தொடாமல், மூடியில் எடுத்துப் போட்டுக்கொண்டு உடனே படுக்க வேண்டும்.

மச்சான் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். ஒரு சொட்டு மருந்துக்குத் தொண்ணூற்றொன்பது சொட்டு சாராயம், குலுக்கு. அதில் ஒரு சொட்டுக்கு மறுபடி தொண்ணூற்றொன்பது. இப்படி முப்பது தடவை. ஒன்றுக்குப் பின்னால் அறுபது சைபர் போட்டால் வரும் எண்ணில் ஒரு பங்கு. பன்னிரண்டாவது தடவை தாண்டினாலே ஒரு மூலக்கூறு தேறுவது சந்தேகம். இருபதாம் தேதிக்கு மேல் என் சம்பளம் மாதிரி: பெயர் இருக்கும், ஆள் இருக்காது. 2015இல் ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆய்வுக் கவுன்சில் எல்லாவற்றையும் அலசிவிட்டு, எந்த நோய்க்கும் இது கேட்கும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை என்று சொல்லிவிட்டதாம்.

ஆனால் அமுக்குவான் வருவது நின்றுவிட்டது!

ராத்திரிக் காபி போயிற்று. உருண்டைக்காக ஒன்பதரைக்கே படுக்கை. மல்லாந்தால் மனைவியின் முழங்கை விலாவில் இறங்கும். மச்சான் இதையெல்லாம் சொல்லிக்காட்டிப் பெருமை தனக்கு என்றார். அம்மா துடைப்பத்துக்கு என்றாள். டாக்டர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த புட்டியை எடுத்து வைத்தார்.

அந்தப் புட்டியை விடுமுறைக்கு வந்த பேரன் ஒரு சாயங்காலம் மிட்டாய் என்று முழுசாகக் காலி செய்துவிட்டான். எட்டிக்கொட்டை விஷமாச்சே! வீடு அலறியது. டாக்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். "ஒண்ணும் ஆகாது சார், பயப்படாதீங்க. வெறும் சர்க்கரை உருண்டைதான்" என்றார் அவர், நிதானமாக. மச்சான் எழுந்து நின்று கைதட்டினார். "இதைத்தானய்யா நான் மூணு மாசமா சொல்றேன்!"

பேரன் அசந்து தூங்கினான். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. அவன் மூக்கில் விரலை வைத்துப் பார்ப்பதும் உட்காருவதுமாக ராத்திரி முழுக்க விழித்திருந்துவிட்டு, விடிகாலையில் ஈசிசேரில் அப்படியே மல்லாக்கச் சாய்ந்தேன். உடனே அமுக்குவான் வந்து ஏறிவிட்டான். கண் திறந்திருக்கிறது, வாய் ஒட்டிக்கொண்டுவிட்டது, தொண்டையிலிருந்து "ங்ங்ங்" என்று மட்டும் ஒரு சத்தம். மனைவி காபி டம்ளரோடு எட்டிப் பார்த்தாள்.

"பாவம், இப்பத்தான் குறட்டை விட ஆரம்பிச்சிருக்கார்" என்றாள் உள்பக்கம் திரும்பி. "யாரும் எழுப்பாதீங்க."