‘சி’ என்னும் எழுத்தின் உஷ்ண நிர்ணயம்

வெளியூரில் சில நாள் தங்குவதற்கென்று வாடகைக்குப் பிடித்த வீட்டின் சௌகரியம் எதில் அடங்கியிருக்கிறது என்னும் வினாவுக்கு, மெத்தையில் என்பாரும், மாடியிலிருந்து தெரியும் காட்சியில் என்பாரும், அடுக்களைப் பாத்திரங்களில் என்பாரும் உளர். இவர்களில் ஒருவரேனும் விடியற்காலையில் அந்நிய தேசத்துக் குழாயைத் திருகி அறிந்தவரல்லர் என்பது எமது துணிபு.

மெக்ஸிகோ நகரத்து ரோமாப் பேட்டையில், அந்நாட்டு ஊர்களும் மாநிலங்களுமே தெருக்களுக்குப் பெயராய் அமைந்த அப்பகுதியில், காகிதப்பூக் கொடி படர்ந்த முற்றமும் கம்பளி விரித்த கட்டிலும் கொண்ட சிறு வீடொன்றில் பத்து நாள் வாசம் செய்தபோது எமக்கு வாய்த்த ஆராய்ச்சி இது. குளியலறைக் குழாய்கள் இரண்டனுள் ஒன்றின் தலையில், விரல் பட்டுப் பட்டுப் பாதி தேய்ந்த பீங்கான் வில்லையில், ‘சி’ என்ற ரோமானிய எழுத்து, மற்றதில் ‘எஃப்’. ஆங்கிலம் கற்ற மனம் முதலாவதைத் தண்ணீர் என்று கொள்ளும். ஸ்பானிய மொழியிலோ அது சூட்டைக் குறிக்கும் ‘காலியெந்தே’யின் முதலெழுத்து, ‘எஃப்’ குளிர்ச்சியைக் குறிக்கும் ‘ஃப்ரீயா’. இவ்வளவில் நின்றிருந்தால் விஷயம் அகராதியோடு முடிந்திருக்கும். அடுக்களைக் குழாயோ ஆங்கிலம் வழங்கும் வட தேசத்திலிருந்து வந்தது போலும். அதில் ‘எச்’சும் ‘சி’யும் பொறித்திருக்கக் கண்டோம். ஒரே கூரையின்கீழ், இருபதடி இடைவெளியில், ஓரெழுத்து தனக்குத் தானே எதிர்ப்பொருள் தரும் இவ்விநோதத்தை எந்த நிகண்டுகாரரும் எதிர்பார்த்திலர்.

சப்தப் பிரமாணம் இவ்வாறு கைவிடவே, அனுமானத்தைச் சரணடைந்தோம். மலையில் புகை கண்டு நெருப்பை ஊகிக்கும் தார்க்கிகர் வழியே, மொட்டைமாடியில் எரிவாயு பாய்லர் இருக்கிறது (அவ்வூராரும் பாய்லர் என்றே சொல்லுகிறார்கள்), ஆகவே அதனின்று இறங்கும் குழாயில் வெந்நீர் வந்தே தீரும் என்று நிச்சயித்து, குளியலறைச் ‘சி’யைத் திறந்து ஐந்து நிமிஷம் நின்றோம். வந்தது பனிநீர். கடல்மட்டத்துக்கு மேல் 2,240 மீட்டர் உயரத்திலிருக்கும் நகரத்தின் விடியற்காலைத் தண்ணீர் வேதாந்தியையும் அலறவைக்க வல்லது. (அவ்வுயரத்தில் தண்ணீர் 93 பாகைக்குச் சற்றுக் குறைவிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு வேகாத விவகாரம் தனி, ஈண்டு விரிப்பிற் பெருகும்.) பாய்லரின் சிறு சுடர் இரவுக் காற்றில் அணைந்துபோயிருந்தது பின்னரே தெரிந்தது. இத்தகைய பிழைக்குத் தர்க்க நூலார் ஹேத்வாபாஸம் என்று பெயர் சொல்வர். யாம் அப்போது சொன்ன பெயர் வேறு.

மாலையில் நேர்ந்ததோ இதற்கு நேர் விரோதம். மாடிமேல் ‘தினாக்கோ’ என்னும் கரிய பிளாஸ்டிக் தொட்டியில் நாளெல்லாம் வெயில் காய்ந்த நீர், ‘எஃப்’ குழாயிலும் வெதுவெதுப்பாக இறங்கிற்று.

கடைசியில் வீட்டுக்கார அம்மாளிடம் ஐயத்தை விண்ணப்பித்தோம். குறிப்பேடும் துண்டுமாக நின்ற எம்மை ஏற இறங்கப் பார்த்து, “திறந்துவிட்டுக் கையை நீட்டிப் பாருங்கள், ஸென்யோர்” என்றார். பிரத்யக்ஷமே பிரமாணங்களில் தலையாயது என்று உரைத்த ஆசாரியர் பலர். 20 லிட்டர் குடிநீர்க் குடுவையை இடுப்பில் தாங்கியபடி உரைத்தவர் இவர் ஒருவரே.

அப்பேட்டைக்குச் செல்லும் அன்பர்கள் எழுத்தை நம்பாது, முதலில் சுண்டுவிரலை மட்டும் நீட்டுவார்களாக. முகத்தை அப்புறம் கொண்டுபோகலாம்.