நேரில் பார்த்தவர்

கத்தாருக்குப் போய் உலகக்கோப்பையை நேரில் பார்த்துவிட்டு வந்தவரிடம் ஆட்டத்தைப் பற்றி மட்டும் கேட்டுவிடக் கூடாது. ஏசியைப் பற்றிக் கேட்க வேண்டும்.

"சீட்டுக்கு அடியில ஓட்டை மக்கா. அதுல இருந்து குளுகுளுன்னு காத்து. வெளிய மண்டை காயுது, உள்ள போர்வை கேக்குது. இதெல்லாம் டிவியில தெரியாதுல்லா?"

இந்தக் கடைசி வரிதான் அவர். எங்கள் ஊர் புன்னக்காயல் மணலில் பொடியன்கள் பந்தடித்தாலும், திருவிழாவில் சப்பரம் நகர்ந்தாலும், ஆத்தூர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்தாலும், பேச்சு சுற்றி வளைத்து அங்கே போய் நிற்கும். பஸ்ஸில் கூட்டமா? தோஹாவில் "மெட்ரோ திஸ் வே" என்று பெரிய கையைக் காட்டி வழி சொன்னார்களாம். அதையும் நேரில்தான் பார்த்திருக்க வேண்டும். எங்கள் பக்கம் கப்பலுக்குப் போய் பாதி உலகத்தைச் சுற்றியவர்கள் இருக்கிறார்கள். கிழிந்த வலையைப் பொத்தும்போது அவர்கள் வாயிலிருந்து ஒரு துறைமுகத்தின் பெயர் வந்தால் பெரிய விஷயம். இவர் பார்த்தது ஒரே ஒரு ஆட்டம்.

ஆனால் என்ன ஆட்டம்! 2022 நவம்பர் 22, லுசைல் மைதானம், அர்ஜென்டினாவும் சவுதியும். சுமார் 88 ஆயிரம் பேர். 36 ஆட்டங்களாகத் தோற்காமல் வந்த அர்ஜென்டினா 1-2 என்று கவிழ்ந்தது. சவுதி மன்னர் மறுநாளை விடுமுறையாக அறிவித்தார். அங்கேயே வேலை பார்ப்பவர்களுக்கென்று விட்ட 40 ரியால் டிக்கெட்டில், அப்போது நம் காசுக்கு 900 ரூபாய் வரும், இவர் உள்ளே இருந்தார்.

உள்ளே இருந்து எதைப் பார்த்தார்? பத்தாவது நிமிடத்தில் மெஸ்ஸி போட்ட பெனால்டியைப் பார்த்தார். அப்புறம் அர்ஜென்டினா அடித்து, ஆஃப்சைடு என்று செல்லாமல் போன மூன்று கோல்களையும் ஒன்று விடாமல் பார்த்தார். இடைவேளைக்கு எழுந்து சாப்பாட்டு வரிசைக்குப் போனார். சவுதியின் இரண்டு கோலும் விழுந்தது 48-ஆவது நிமிடத்திலும் 53-ஆவது நிமிடத்திலும். வரிசை நகரவில்லை. அல்-தவ்சாரி ஆட்களைத் திருப்பிவிட்டு வலது காலால் தூர மூலைக்கு வளைத்து ஏற்றிய அந்தப் பந்தை, நாங்கள் டீக்கடை டிவியில் நாலு கோணத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். இதைச் சொல்லிக் காட்டினால் மனிதர் அசர வேண்டுமே?

"கோல் எங்க போவுது, எப்ப வேணா பாத்துக்கலாம். வரிசையில நிக்கேன், தரை அப்பிடியே அதிருது. அது டிவியில தெரியுமாலே?"

ஒரே ஒரு தடவை வேறு மாதிரிப் பேசியிருக்கிறார். "அந்தக் காத்துக் குழாயை மாட்டுன பயலுவள்ல எங்க ரூம்காரனும் உண்டு. அவனுக்கு டிக்கெட் விழல. ஏசியன் டவுன் கிரிக்கெட் கிரவுண்டுல ஸ்கிரீன் கட்டியிருந்தான், அங்க போய்ப் பாத்துக்கிட்டான்." அன்றைக்கு டிவியில் தெரியாது என்று சொல்லவில்லை. எனக்கும் அவர்மேல் கொஞ்சம் பிரியம் வந்தது.

அது டிசம்பர் 18 வரைக்கும்தான். கிறிஸ்துமஸ் லீவுக்கு ஊர் வந்திருந்தார். இறுதியாட்டமும் அதே லுசைலில் என்றால் கேட்க வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமை, கடலுக்குப் போகாத நாள். வேட்டியை இழுத்துக் கட்டித் திரையாக்கி, வாடகைக்கு புரொஜெக்டர் எடுத்திருந்தோம். அர்ஜென்டினா 2-0. கேமரா மேல்மாடத்தைக் காட்டியதும் இவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்து முன்னால் போய்விட்டார்.

"அந்தா, அந்த மூலைக்கு மேல. அதுக்கும் மேல. அங்கதான் நான்..."

பிரான்ஸின் எம்பாப்பே பெனால்டி போட்டான். இவர் கை இறங்கவில்லை. அடுத்த 97 நொடிக்குள், அந்தரத்தில் வந்த பந்தைச் சாய்ந்து விழுந்தபடி அடித்து, ஆட்டத்தையே புரட்டினான். நாங்கள் பார்த்தது இவர் முதுகை. இதைச் சிரித்துக்கொண்டு எழுத எனக்கு வரவில்லை. நாலு வருஷத்துக்கு ஒரு இறுதியாட்டம் வருகிறது. அதிலும் இப்படி ஒரு கோல் எத்தனை தடவை விழும்? மறுபடி காட்டினார்கள்தான், விழுந்தது தெரிந்தபின் பார்ப்பதும் ஒரு பார்வையா? அவனவன் விடியுமுன் கடலுக்குப் போக வேண்டியவன், தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஒருத்தர் சீட்டு நம்பரைத் தெரிந்துகொள்ளவா?

கூடுதல் நேரத்துக்கு அவரைத் தோளைப் பிடித்துக் கடைசி வரிசைக்குக் கொண்டுபோய் என் பக்கத்தில் உட்கார்த்தினோம். கோபித்துக்கொள்வார் என்று பார்த்தேன். இல்லை.

"இங்கயே இருக்கேன் மக்கா. லுசைல்லயும் எனக்கு ஆகக் கடைசி வரிசைதான். மெஸ்ஸி எறும்பு கணக்கா இருந்தான். அங்க தொங்குன பெரிய டிவியைப் பாத்துத்தான் யாருட்ட பந்து இருக்குன்னே தெரிஞ்சுது."

சொல்லி முடிக்கவும் மெஸ்ஸி அர்ஜென்டினாவின் மூன்றாவது கோலைப் போடவும் சரியாக இருந்தது. அந்தக் கூச்சலில் என்னைத் தவிர ஒருத்தருக்கும் அது கேட்டிருக்காது. மறுநாள் டீக்கடையில் நான் சொன்னதை ஒருத்தரும் நம்பவுமில்லை.