எட்டு மணிக்கு எட்டாத சீட்டு

கேள்வி: முன்பதிவு தொடங்கும் நாளில் காலை 8 மணிக்கே ஸ்டேஷன் கவுண்டரில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பேர்தான். என் முறை வந்தபோது வெயிட்டிங் லிஸ்ட் என்கிறார்கள். அதற்குள் சீட்டெல்லாம் எங்கே போயிற்று?
- ஓர் ஆசிரியை, பரமக்குடி

பதில்: இரண்டு பேர் என்பது கவுண்டர் கணக்கு. அதே நேரத்தில் செல்போனில் நின்றவர்கள் எத்தனை ஆயிரமோ! முதல் ஆள் படிவத்தை நீட்டுகிறார். ஆறு பெயர், ஆறு வயது. "அம்மாவுக்கு முட்டி வலி சார், லோயர் பெர்த் பாத்துப் போடுங்க" என்கிறார். உள்ளே இருப்பவர் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுகிறார். ரயில் எண் ஒன்று மாறிப்போய் திருத்துகிறார். பிறகு சில்லறை. செல்போன்காரரோ ஆறு பெயரையும் முந்தின நாளே சேமித்து வைத்துவிட்டு, 8 அடித்ததும் ஒரு தட்டோடு வேலையை முடித்துவிட்டார்.

2025 அக்டோபர் 1-ல், இணையத்தில் முதல் 15 நிமிடம் ஆதார் சரிபார்த்த கணக்குகளுக்கு மட்டும்தான் டிக்கெட் என்று தொடங்கினார்கள். தரகர்களின் கைவரிசையைக் குறைக்க இது நல்ல ஏற்பாடு. ஆனாலும் கவுண்டரில் நிற்பவருக்கும் செல்போன்காரருக்கும் ஒரே ஓட்டப்பந்தயம்தான் இன்னும் நடக்கிறது. யாத்திரை ஊர்களிலும் அவற்றைச் சுற்றியுள்ள ஊர்களிலும் கவுண்டருக்கென்று ஒரு பங்கு சீட்டை ஒதுக்கிவைக்க வேண்டும். இதை எழுதிக்கொண்டே இருப்பேன். அதுவரை உங்களுக்கு என் யோசனை: படிவத்தில் இரண்டாவது ரயிலையும் எழுதிக்கொண்டு போங்கள். தாம்பரத்திலிருந்து திருவாரூர், காரைக்குடி வழியாக ராமேஸ்வரம் வரும் ரயில் 2025 ஏப்ரலில் விடப்பட்டது. திருச்சி வழி ரயில்களையே பார்த்துப் பழகியவர்களுக்கு அது சட்டென்று நினைவுக்கு வராது.

கேள்வி: தட்கலை நம்பி ராமேஸ்வரத்துக்கு நாள் குறிக்கலாமா?
- ஒரு வாசகர், குரோம்பேட்டை

பதில்: திதி கொடுக்க வருகிறீர்கள் என்றால் வேண்டாம். திதி தள்ளிப்போகாது. சும்மா கடல் பார்க்க வருகிறீர்கள் என்றால் முயன்று பாருங்கள். ஏ.சி. பெட்டிக்குக் காலை 10 மணி, மற்றதற்கு 11 மணி. ரயில் புறப்படும் ஊரின் தேதிக்கு முந்தின நாள்தான் கணக்கு. நள்ளிரவு தாண்டி நடுவழியில் ஏறுகிறவர்கள் இங்கேதான் ஒரு நாள் தவறவிடுகிறார்கள். உறுதியான தட்கல் சீட்டை ரத்து செய்தால் பணம் திரும்பாது என்பதையும் வீட்டில் சொல்லிவிட்டு எடுங்கள்.

கேள்வி: நான் முதுகுளத்தூர் பக்கம். இப்போது அமெரிக்காவில் இருக்கிறேன். ஆர்லாண்டோ டிஸ்னிக்குக் குழந்தைகளோடு போவதற்கு, எந்த நாள் எந்த ஓட்டலில் சாப்பிடுவோம் என்று 60 நாள் முன்பே பதிவு செய்யச் சொல்கிறார்கள். வெறுத்துப்போய், இந்த முறை விடுமுறைக்கு ஊருக்கே வந்துவிடலாம் என்று இருக்கிறேன். ராமேஸ்வரமாவது நிம்மதியாக இருக்குமா?
- ஒரு வாசகர், டெக்சாஸ்

பதில்: வாருங்கள், வாருங்கள். ஆனால் 60 நாள் கணக்கு இங்கேயும் வந்துவிட்டது. நம் ரயில்வே 120 நாளாக இருந்த முன்பதிவுக் காலத்தை 2024 நவம்பர் 1 முதல் 60 நாளாக்கிவிட்டது. நீங்கள் டிஸ்னியில் தோசைக்குப் பதில் பர்கருக்கு நாள் குறிக்கும் அதே காலத்தில் உங்கள் சித்தப்பா இங்கே படுக்கை சீட்டுக்கு நாள் குறித்துக்கொண்டிருப்பார்.

உங்கள் கோபம் நியாயமானது. அந்தப் பூங்காவில் நடந்ததைக் கவனியுங்கள். வரிசையில் நேரம் குறித்துக்கொண்டு பிறகு வந்து ஏறும் ‘பாஸ்ட்பாஸ்’ முறை 1999-ல் வந்தபோது, டிக்கெட் வாங்கிய எல்லோருக்கும் இலவசம். 2021-ல் அதன் இடத்துக்குக் காசு கொடுத்து வரிசையைத் தாண்டும் முறை வந்தது. காத்திருப்பைக் குறைக்க வந்த ஏற்பாடு, காத்திருப்பையே விலைபேசும் ஏற்பாடாக மாறிவிட்டது. கொச்சி வொண்டர்லாவிலும் வரிசையைத் தாண்ட ‘பாஸ்ட்ராக்’ என்று தனிச் சீட்டு உண்டு. ராட்டினத்துக்கு அது நடந்தால் எனக்குப் பெரிய வழக்கில்லை. ராட்டினம் ஏறாவிட்டால் யாருக்கும் ஒன்றும் குறைந்துவிடாது. அதே பழக்கம் ரயிலுக்கும் கோயிலுக்கும் படகுக்கும் பரவுவதுதான் எனக்குக் கவலை.

உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்வது: போக வர ரயிலையும், முதல் நாள் இரவுக்கான அறையையும் மட்டும் முன்பதிவு செய்யுங்கள். தனுஷ்கோடிக்கு டவுன் பஸ் போகிறது, ஆட்டோ இருக்கிறது. 2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்த பிறகு மணலில் வேன் பிடித்துக் குலுங்கிப் போகும் வேலையும் இல்லை. பேய்க்கரும்பில் கலாம் நினைவிடம், பாம்பனிலிருந்து ராமேஸ்வரம் வரும் சாலையிலேயே இருக்கிறது. இவை எதற்கும் 60 நாள் முன்பு உட்கார்ந்து திட்டம் போட வேண்டாம். பிள்ளைகள் கடலில் இன்னும் அரைமணி நிற்க வேண்டும் என்றால் நிற்கட்டும். இருட்டிய பிறகு தனுஷ்கோடிப் பக்கம் விடமாட்டார்கள். அந்த ஒரு நேரத்தை மட்டும் மனதில் வையுங்கள்.

கேள்வி: அமாவாசைக்கு முந்தின நாள் இரவு ராமேஸ்வரத்தில் போய் இறங்கினால், இணையத்தில் பணம் கட்டிப் பதிவு செய்த அறை "வேற ஆளுக்குப் போயிருச்சுண்ணே" என்கிறார்கள். என்ன செய்வது?
- ஒரு வாசகர், கீழக்கரை

பதில்: சண்டை போடுவதற்கு முன் ரசீதைக் காட்டி, "அறை இல்லை" என்று கைப்பட எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதக் கை வராது. அறை வந்தாலும் வரும். வராவிட்டால், பதிவு செய்த தளத்துக்கு அங்கே நின்றபடியே போன் போடுங்கள். ஊருக்குத் திரும்பிப் போய்ப் புகார் செய்தால் காலம் ஓடியிருக்கும்.

வாசகர்கள் எல்லோருக்கும் ஒரு சொல்: பயணத்துக்கு இரண்டு நாள் முன்னால் விடுதிக்கே நேராகப் பேசி, நீங்கள் வந்துசேரும் நேரத்தைச் சொல்லிவிடுங்கள். அதிகாலை ரயிலில் வருகிறவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். நண்பகல் கணக்குக்கு அறை கொடுப்பவர் விடியற்காலையில் உங்களை வாசலில் உட்கார வைப்பார். ஈரத் துணியோடு பாட்டிமார் லாட்ஜ் திண்ணைகளில் உட்கார்ந்திருக்கும் காட்சியை இந்த ஊரில் அமாவாசை தவறாமல் பார்க்கலாம். வருகிறவர்களை நம்பிப் பிழைக்கும் ஊருக்கு அது அழகில்லை.

கேள்வி: ஆடி அமாவாசைக்குச் சிறப்பு ரயில் அறிவிப்பு வருவதற்குள் எங்கள் தெருவே வேன் பேசி முடித்துவிடுகிறது. முன்னாலேயே சொல்லக்கூடாதா?
- ஓர் இல்லத்தரசி, மதுரை

பதில்: சொல்லலாம். சொல்ல வேண்டும். ஆடி, புரட்டாசி, தை மூன்று அமாவாசையும் எந்தத் தேதி என்று பத்து ரூபாய்க் காலண்டர் ஓராண்டு முன்பே சொல்லிவிடுகிறது. திடீர்க் கூட்டம் என்று யாரும் சமாதானம் சொல்ல முடியாத கூட்டம் இது. காலண்டர் அச்சாகும்போதே சிறப்பு ரயிலும் அறிவிக்கப்பட வேண்டும். அதிலும் பாதிப் பெட்டி முன்பதிவில்லாததாக இருக்க வேண்டும். பெரியவர் காலமாகி முதல் வருஷத் திதிக்கு வருகிற குடும்பத்தில் எல்லோருக்கும் செல்போன் பழக்கமிருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

கேள்வி: ராமேஸ்வரம் கோயிலில் தீர்த்தமாடவும் இணையப் பதிவு கொண்டுவந்தால் கூட்டம் குறையுமே?
- ஒரு வாசகர், சிவகங்கை

பதில்: எனக்கு உடன்பாடில்லை. திருப்பதியில் 300 ரூபாய் தரிசனத்துக்கு மாதக்கணக்கில் முன்கூட்டியே இணையத்தில் காத்திருக்கிறோம். அங்கே மலை மேல் ஒரே சந்நிதி, வேறு வழியில்லை என்று வைத்துக்கொள்ளலாம். இங்கே 22 தீர்த்தம். வரிசை நின்றுகொண்டே இருக்காது, நடந்துகொண்டே இருக்கும். தலைக்கு 25 ரூபாய்ச் சீட்டு. முதலில் அக்னி தீர்த்தத்தில் கடல் முழுக்கு, பிறகு மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கிக் கோடி தீர்த்தத்தில் முடியும்.

ஒரு கிணற்றடியில் நின்று பாருங்கள். கைப்பிடிச் சுவர் மேல் ஏறி நிற்பவர் கயிற்றில் கட்டிய வாளியை உள்ளே வீசி, ஒரே இழுப்பில் மேலே கொண்டுவந்து, கீழே நிற்கும் ஏழெட்டுத் தலைக்கும் சேர்த்துச் சாய்க்கிறார். பீகார்க் கிழவரும் பெங்களூர்ப் பையனும் ஒரே வாளித் தண்ணீரில் நனைந்து அடுத்த கிணற்றுக்கு ஓடுகிறார்கள். வழுக்கும் கல்தரையில் முன்னால் போகிறவர் பின்னால் வருகிறவருக்குக் கை கொடுக்கிறார். இதை 9.15 குழு, 9.30 குழு என்று பிரித்தால், வழியில் ஒரு டயர் பஞ்சரான குடும்பம் தன் நேரத்தைத் தவறவிட்டு வாசலில் கெஞ்சிக்கொண்டு நிற்கும்.

கோயில் செய்ய வேண்டியது வேறு. ஈரத் துணியோடு சந்நிதிக்குள் போகக் கூடாது. மாற்றுத் துணி கட்டாயம். அப்படியென்றால் உடை மாற்றும் அறைகளும், அதிலும் பெண்களுக்கு, கூட்டத்துக்குத் தக்கபடி வேண்டும். செல்போனுக்கு உள்ளே அனுமதியில்லை. ஒப்படைக்கும் இடத்தில் வரிசை தேங்காமல் இருக்க ஆள் வேண்டும். காலை 5 மணி ஸ்படிகலிங்க தரிசனத்துக்கு மட்டும் முன்கூட்டியே எழுந்து போய் நில்லுங்கள். அதற்குப் பதிவு உங்கள் தூக்கம்தான்.

கேள்வி: குருசடைத் தீவுக்குப் படகில் போக நண்பர்களோடு வந்து, இடமில்லாமல் திரும்பினோம். இன்னும் நாலு படகு விட்டால் என்ன?
- ஒரு கல்லூரி மாணவர், ராமநாதபுரம்

பதில்: இங்கே நான் உங்கள் பக்கம் இல்லை தம்பி. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-ல் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அங்கே பவளப்பாறை இருக்கிறது, கடற்புல் இருக்கிறது, கடற்பசு மேய்கிறது. பவளம் ஓர் ஆண்டில் வளர்வது கொஞ்சம். ஒரு நங்கூரம் அதை ஒரு நொடியில் உடைத்துவிடும். ஆள் எண்ணிக்கையைக் குறைத்து அனுப்புவது வனத்துறையின் கடமை. பணக்காரருக்கும் உங்களுக்கும் அங்கே ஒரே படகுதான் என்பதால் அந்த முன்பதிவில் எனக்கு மனக்குறை இல்லை. அடுத்த முறை பதிவு செய்துவிட்டு வாருங்கள். இந்த முறை திருவாடானைப் பக்கம் காரங்காட்டுக்குப் போங்கள். அலையாத்திக் காட்டுக்குள் படகு போகும். ஊர்மக்களும் வனத்துறையும் சேர்ந்து நடத்துகிறார்கள்.

கேள்வி: எங்கள் தாத்தா ஒரே டிக்கெட்டில் கொழும்பு போனாராம். அந்தக் காலம் சுலபமாக இருந்ததோ?
- ஒரு முதியவர், மண்டபம்

பதில்: டிக்கெட் சுலபம். 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு எழும்பூரில் போட் மெயில் ஏறினால் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயிலில் கொழும்பு. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியோடு அந்த வழியும் போயிற்று. ஆனால் உங்கள் ஊர் முகாமைக் கேட்டுப் பாருங்கள். தேயிலைத் தோட்டத்துக்குப் போன தொழிலாளிகளை இலங்கை அரசு மண்டபம் முகாமில் தங்கவைத்து, நோய் இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் கப்பலேற்றியது. வசதியுள்ளவர் ஜன்னலோரம் உட்கார்ந்து கடல் பார்த்துக்கொண்டு போனார். கூலிக்குப் போனவர் கம்பிவேலிக்குள் நாட்களை எண்ணினார். தாத்தா எந்த வகுப்பில் போனார் என்று விசாரித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: காற்று பலமாக அடித்தால் பாம்பனில் ரயிலை நிறுத்திவிடுகிறார்கள். புதுப் பாலம் கட்டியும் ஏன் இந்த அவதி?
- ஒரு வியாபாரி, புதுக்கோட்டை

பதில்: நிறுத்தட்டும். 1964 டிசம்பர் 22 இரவு ரயிலோடு மக்களைக் கொடுத்த கடல் இது. உடைந்த பாலத்தை ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் 46 நாளில் சரிசெய்தார். பின்னாளில் டெல்லி மெட்ரோவைக் கட்டியவர் அவரே. 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நின்று, 2025 ஏப்ரல் 6-ல் புதிய பாலம் திறக்கும்வரை இரண்டே கால் ஆண்டு மண்டபத்தில் இறங்கிப் பஸ் ஏறியவர்கள் நாம். அரைமணி காற்றுக்குக் காத்திருக்கத் தெரியாதா? பாம்பனில் ரயிலுக்குள் காத்திருப்பவர்களுக்கு அது ஜன்னலில் கூடுதலாகக் கிடைத்த கடல்.

கேள்வி: கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு முதல்முறையாகப் போக ஆசை. எப்படிப் பதிவது?
- ஒரு வாசகி, பரவை

பதில்: பிப்ரவரி-மார்ச் வாக்கில் விழா வரும். அதற்கு முன்பே ராமேஸ்வரம் வேர்க்கோடு பங்கில் விண்ணப்பம் கொடுப்பார்கள். ஆதார் நகலோடு நிரப்பித் தர வேண்டும். யார் எந்தப் படகில் என்பது பட்டியலாகும். 1974 ஒப்பந்தப்படி யாத்திரிகர்களுக்கு விசா தேவையில்லை. பதிந்தாலும் மனதைத் தளர்வாக வைத்துக்கொள்ளுங்கள். நம் மீனவர்களுக்கு இலங்கையில் சிறைத் தண்டனை விதித்ததைக் கண்டித்து 2024-ல் ராமேஸ்வரம் மீனவர்கள் விழாவைப் புறக்கணித்தார்கள். இங்கிருந்து படகு போகவில்லை. உங்களை ஏற்றிப் போவது அவர்கள் தொழில் செய்யும் படகுதான். அவர்கள் வீட்டில் ஒருவர் சிறையில் இருக்கும்போது நம் பயணத் திட்டம் கெட்டதைப் பேசக் கூடாது. 2025 மார்ச்சில் மறுபடி போனார்கள்.

கேள்வி: 78 வயது அம்மாவை ஒரே நாளில் ராமேஸ்வரம் அழைத்துப் போய் வர வேண்டும். என்னதான் பதிவு செய்யட்டும்?
- ஒரு வாசகர், திருப்புல்லாணி

பதில்: ஒன்றும் வேண்டாம். முதல் பஸ் ஏறுங்கள், அமாவாசையும் சனி, ஞாயிறும் இல்லாத நாளாகப் பாருங்கள். கோயில் மதியம் 1 மணிக்கு நடை சாத்தி 3 மணிக்குத் திறக்கும். அந்த இடைவேளைக்குத்தான் நிழலான இடம் யோசித்து வைக்க வேண்டும். தீர்த்தம் 22-ம் ஆட அம்மாவால் முடியாவிட்டால் கோடி தீர்த்தத்தைத் தலையில் தெளித்துக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டு செட் மாற்றுத் துணி, ஒரு தடித்த துண்டு, கால் வழுக்காத நடை. செருப்பைக் கடையில் விட்டு டோக்கனை உங்கள் சட்டைப் பையில் வையுங்கள். அம்மாவிடம் கொடுக்காதீர்கள், முந்தானையில் முடிந்துவிட்டு மறந்துவிடுவார்.