கை விடுபட்ட பிறகு

1990களில் நான் இதயப் பிரிவில் நர்ஸாக வேலைக்குச் சேர்ந்தபோது மாரடைப்புக்கு எங்கள் கையில் இருந்த பெரிய மருந்து ஸ்ட்ரெப்டோகைனேஸ். வார்டில் ‘எஸ்.டி.கே.’ என்போம். 1986இல் வெளியான இத்தாலிய ஆய்வு ஒன்று, 11,000க்கும் மேற்பட்டவர்களில் ஒரு பாதிக்குக் கொடுத்து, கொடுக்காத மறுபாதியோடு ஒப்பிட்டு, அது உயிர் காக்கும் என்று காட்டியிருந்தது. 15 லட்சம் யூனிட்டைச் சலைனில் கலந்து ஒரு மணி நேரம் ஏற்றுவோம். ஏறும்போதே ரத்த அழுத்தம் சரியும். சொட்டைக் குறைத்து, காலை உயர்த்தி வைத்து, மறுபடி பி.பி. பார்த்து, அது முடியும்வரை கட்டிலைவிட்டு நகர மாட்டோம்.

இன்று டெனெக்டிபிளேஸ் வந்துவிட்டது. உடல் எடைக்கேற்ற அளவு, ஒரே ஊசி, பத்து வினாடிக்குள் முடிகிறது. கேத் லேப் பக்கத்தில் இருந்தால் அதுவும் வேண்டாம், நேராக ஆஞ்சியோபிளாஸ்டிதான். நெஞ்சு வலி என்று யார் வந்தாலும் 10 நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுத்தாக வேண்டும். முன்பு ரப்பர் பல்பை நெஞ்சில் ஒட்டி, ஒவ்வொரு லீடாக எடுத்து, தாளை வெட்டி ஒட்டி, டாக்டர் வரும்வரை காத்திருந்தோம். இப்போது சிஸ்டரே எடுத்து, செல்போனில் படம் அனுப்பிவிடுகிறார். 2023இல் தமிழக அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் கொடுத்துத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். ஓமத் தண்ணீரும் சோடாவும் குடித்து, வாயுப் பிடிப்பு என்று நம்பி, விடியும்வரை வீட்டிலேயே கிடந்து வந்த எத்தனையோ பேரைப் பார்த்த எனக்கு இது சாதாரண விஷயமாகத் தெரியவில்லை.

ஆனாலும் ஒன்று மனதை உறுத்துகிறது.

அந்தக் காலத்தில் ஆஞ்சியோ எல்லாம் தொடை வழியாகத்தான். உள்ளே செருகியிருந்த ‘ஷீத்’ குழாயை டாக்டர் உருவுவார்; தொடை இடுக்கில் ரத்தக்குழாயை அழுத்திப் பிடிப்பது பெரும்பாலும் எங்கள் வேலை. பதினைந்து, இருபது நிமிடம் விரலை எடுக்கக் கூடாது. பிறகு மணல் மூட்டை வைத்து, காலை மடக்காமல் ஆறு மணி நேரம் படுக்க வைப்போம். முதுகு வலியில் சிலர் அழுதே விடுவார்கள். அழுத்தும்போது வேறெங்கும் போக முடியாததால் பேசுவோம். ஸ்டென்ட் வைத்திருந்த டீக்கடைக்காரர் ஒருவர், “சிஸ்டர், அந்த ஸ்பிரிங்கு துருப் பிடிக்குமா?” என்று கேட்டார். “துருப் பிடிக்காதுண்ணே, ஆனா அதுமேல ரத்தம் உறையும். அதுக்குத்தான் ரெண்டு மாத்திரை. வலி போயிருச்சுன்னு நீங்களா நிறுத்திராதீங்க” என்றேன். பல் பிடுங்கப் போனாலும் ஸ்டென்ட் வைத்ததை டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்பதும் அப்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது.

இன்று மணிக்கட்டு வழியாகச் செய்கிறார்கள். காற்றடைத்த பட்டையைக் கட்டிவிட்டால் போதும். ரத்தக்கசிவு வெகுவாகக் குறைந்துவிட்டது. நோயாளி எழுந்து உட்கார்ந்து காபி குடிக்கிறார். பழைய முறை திரும்ப வேண்டாம். ஆனால் பட்டை கட்டியதும் சிஸ்டரின் கை விடுபட்டு, கம்ப்யூட்டருக்கும் அடுத்த கட்டிலுக்கும் போய்விடுகிறது. மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ். மாத்திரைப் பை கைக்கு வருகிறது, எது எதற்கு என்ற விளக்கம் வருவதில்லை. சில மாதத்தில் செலவு மிச்சம் என்று நிறுத்திவிட்டு, ஸ்டென்ட் அடைத்துத் திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லாரையும் காப்பாற்ற முடியவில்லை.

அதனால் புதிதாக வரும் பிள்ளைகளிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். பட்டையில் காற்றை ஒரேயடியாக எடுப்பதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்குகிறோம். அப்படி இறக்கப் போகும் ஒவ்வொரு முறையும் பக்கத்தில் உட்கார வேண்டும். ஒரு முறை மாத்திரை, அடுத்த முறை திரும்ப வலி வந்தால் 108, அதற்கடுத்து பீடி, சிகரெட். சொன்னதை நோயாளி வாயாலேயே திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். கூட வந்திருக்கும் மனைவியையும் அருகில் கூப்பிட வேண்டும். பல வீடுகளில் மாத்திரையை எடுத்துக் கொடுப்பது அவர்தான்.